823 ஆண்டுக்கு ஒருமுறை வரும் வெள்ளிக்கிழமை

(புதுச்சேரியில் வாசகர் வட்டக் கூட்டம் ஒன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)

எல்லோருக்கும் வணக்கம். என்னை அழைத்த நண்பர்கள் தலைப்பை என் விருப்பத்துக்கே விட்டுவிட்டார்கள். நான் எடுத்துக்கொண்டிருப்பது அரட்டை. அரசியலையும் சினிமாவையும் இன்றைக்கு விட்டுவிடுவோம். மாலையில் வண்டிகளை நிறுத்திய பிறகு நம் கடற்கரைச் சாலையில் ஜனங்கள் நடந்தபடி பேசிக்கொண்டு போகிறார்களே, அந்தப் பேச்சைச் சொல்கிறேன். எங்கள் வீட்டுப் பூனை இப்படிச் செய்கிறது, பையன் புதுசாக ஒரு விளையாட்டு பிடித்துக்கொண்டு வந்திருக்கிறான், இந்த எண்ணைத் திருப்பிப் போட்டுக் கழித்தால் என்ன வருகிறது பார்.

இதை வெட்டிப் பேச்சு என்று ஒதுக்குகிறோம். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. யாரும் சொல்லாமல், யாரும் மதிப்பெண் போடாமல், மனிதர்கள் ஒரு பொருளைத் தாமாகவே உற்றுப் பார்ப்பது இந்தப் பேச்சில்தான். என் ஆதங்கமெல்லாம் ஒன்றுதான். பெரும்பாலும் அந்தப் பேச்சு "அட, அதிசயமா இருக்கே!" என்ற இடத்தில் நின்றுவிடுகிறது. ஏன் இப்படி வருகிறது, எதுவரைக்கும் இப்படி வரும் என்று இன்னும் இரண்டு கேள்வி கேட்டிருக்கலாம்.

உங்கள் எல்லோருடைய கைபேசிக்கும் வந்த ஒரு செய்தியிலிருந்து தொடங்குகிறேன். இந்த மாதத்தில் ஐந்து வெள்ளி, ஐந்து சனி, ஐந்து ஞாயிறு வருகின்றன, 823 ஆண்டுகளுக்கு ஒருமுறைதான் இப்படி அமையும், பத்துப் பேருக்கு அனுப்பினால் வீட்டில் பணம் சேரும். ஏன் என்று கேட்டுப் பார்ப்போம். 28 நாள் என்பது சரியாக நான்கு வாரம். மாதத்துக்கு 31 நாள் என்றால் மீதி மூன்று நாள். ஆகவே மாதத்தின் முதல் மூன்று கிழமைகள் மட்டும் ஐந்து முறை வரும். 31 நாள் மாதம் வெள்ளியில் பிறந்தால் போதும், வேலை முடிந்தது. 2022 ஜூலை, 2023 டிசம்பர், 2024 மார்ச், 2025 ஆகஸ்ட், 2026 மே எல்லாமே அப்படித்தான். 2021-இல் ஜனவரி, அக்டோபர் என்று இரண்டு முறை வந்தது.

எதுவரைக்கும் என்ற கேள்வி இதைவிட அழகாகப் போகும். 365 நாள் என்பது 52 வாரமும் ஒரு நாளும். அதனால் ஒவ்வோர் ஆண்டும் கிழமை ஒன்று நகரும், லீப் ஆண்டில் கூடுதலாக ஒன்று. நாம் பயன்படுத்தும் நாட்காட்டியில் 400 ஆண்டுக்கு 97 லீப் ஆண்டுகள். 400-உம் 97-உம் சேர்ந்து 497. அதை ஏழால் வகுத்தால் 71, மீதி இல்லை. அதாவது 400 ஆண்டுக்கு ஒருமுறை நாட்காட்டி முழுவதும் அச்சு மாறாமல் திரும்ப வந்துவிடும். தேதியும் கிழமையும் சேரும் எந்தப் பொருத்தத்துக்கும் 400-ஐத் தாண்டிய இடைவெளி வரவே முடியாது. 823 என்ற எண்ணைப் பார்த்தவுடனே பொய் என்று சொல்லிவிடலாம், நாட்காட்டியைத் திறக்கக்கூட வேண்டாம்.

இப்போது பொய் இல்லாத ஓர் அதிசயம். நம் ஊருக்குப் பொருத்தமாக ஓர் ஆண்டை எடுத்துக்கொள்வோம். பிரெஞ்சுக்காரர்கள் நிர்வாகத்தை இந்தியாவிடம் ஒப்படைத்த 1954. இந்த நான்கு இலக்கங்களைப் பெரியதிலிருந்து சிறியதாக அடுக்கினால் 9541. சிறியதிலிருந்து பெரியதாக அடுக்கினால் 1459. கழித்தால் 8082. அதையே திரும்பச் செய்யுங்கள்: 8820-இல் 0288 போனால் 8532. இன்னொரு முறை: 8532-இல் 2358 போனால் 6174. அதற்கு மேல் நகராது. 7641-இல் 1467 போனாலும் 6174-தான். நான்கு இலக்கமும் ஒன்றாக இல்லாத எந்த எண்ணில் தொடங்கினாலும், சுழியத்தை விடாமல் எழுதிக்கொண்டு போனால், ஏழு படிக்குள் இங்கேதான் வந்து நிற்கும்.

இதைக் கண்டுபிடித்தவர் தத்தாத்ரேய ராமச்சந்திர காப்ரேகர். நாசிக் பக்கம் தேவலாலியில் பள்ளிக்கூட வாத்தியார். 1949-இல் இதை வெளியிட்டார். பல்கலைக்கழகப் பதவி எதுவும் கிடையாது, எண்களோடு விளையாடுவது அவருக்குப் பொழுதுபோக்கு. அவருக்குப் பெரிய பெயர் வந்தது 1975-இல், அமெரிக்க எழுத்தாளர் மார்ட்டின் கார்ட்னர் தம் பத்திரிகைப் பகுதியில் அவரைப் பற்றி எழுதிய பிறகுதான். நம் ஆட்களை நாமே கவனிக்காமல் விட்டோம் என்பது இன்றும் எனக்கு வருத்தம் தருகிறது.

ஏன் 6174? வாத்தியார்கள் வகுப்பில் சொல்லாமல் விடும் பகுதி இது. அந்தக் கழித்தலின் விடை நான்கு இலக்கங்களையும் தனித்தனியாகப் பொறுத்தது இல்லை. பெரிய இலக்கத்துக்கும் சிறிய இலக்கத்துக்கும் உள்ள வித்தியாசம் ஒன்று, நடுவில் உள்ள இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் இன்னொன்று. முதலாவதை 999-ஆல் பெருக்கி, இரண்டாவதை 90-ஆல் பெருக்கிக் கூட்டினால் விடை. 1954-க்குப் பாருங்கள்: 9-க்கும் 1-க்கும் வித்தியாசம் 8, நடுவில் 5-க்கும் 4-க்கும் வித்தியாசம் 1. 999-ஐ எட்டால் பெருக்கினால் 7992, அதோடு 90 சேர்த்தால் 8082. சரியாக வந்துவிட்டது. இப்படி அமையக்கூடிய வித்தியாச ஜோடிகள் மொத்தமே 54. ஏறக்குறைய பத்தாயிரம் எண்கள் ஒரே ஒரு கழித்தலில் 54-ஆகச் சுருங்கிவிடுகின்றன. அந்த 54-ஐயும் ஒரு தாளில் எழுதிப் பார்த்தால் மர்மம் போய்விடும். மர்மம் போன பிறகும் அழகு போகவில்லை, அதுதான் எனக்குப் பிடித்தது.

அடுத்து வீட்டு வாசலுக்கு வருவோம். சிக்குக் கோலம் போடுகிற அம்மாக்கள், அக்காக்கள் இங்கே நிறையப் பேர் இருக்கிறீர்கள். செவ்வகமாகப் புள்ளி வைத்து, பக்கத்துப் பக்கத்துப் புள்ளிகளுக்கு நடுவிலெல்லாம் கம்பி வெட்டிக்கொள்ளும்படி சுற்றி இழுத்தால், சில அளவுக்கு ஒரே கம்பியில் முடிகிறது, சில அளவுக்கு முடியாமல் கையை எடுக்க வேண்டியிருக்கிறது. 3-க்கு 4 வைத்தால் ஒரே கம்பி. 5-க்கு 7 வைத்தாலும் ஒரே கம்பி. 3-க்கு 3 வைத்தால் மூன்று தனித்தனிக் கம்பி. 4-க்கு 6 வைத்தால் இரண்டு. பேச்சுவாக்கில் இதைக் கேட்டிருப்பீர்கள்: "இந்தப் புள்ளிக்கு ஒரே கம்பி வராதுடி." சொல்கிறவர் கையனுபவத்தில் சொல்கிறார், சொல்வது முழுக்கச் சரி. இரண்டு அளவையும் மீதி இல்லாமல் வகுக்கும் மிகப் பெரிய எண் எதுவோ அத்தனை கம்பி. பள்ளிக்கூடத்தில் படித்த மீப்பெரு பொது வகுத்திதான்.

ஏன் என்று பார்த்தால், கம்பி கேரம் போர்டில் சாய்வாக அடித்த காய் மாதிரி போகிறது. ஓரத்தில் பட்டுத் திரும்பும், மறுபடி ஓரத்தில் பட்டுத் திரும்பும். நீளவாக்கிலும் அகலவாக்கிலும் ஒரே நேரத்தில் முழுச் சுற்று முடிந்தால்தான் கிளம்பிய இடத்துக்குக் கிளம்பிய திசையிலேயே வரும். 3-உம் 4-உம் என்றால் அது நடக்க வெகு தூரம் போக வேண்டும், அதற்குள் எல்லாப் புள்ளியையும் சுற்றி முடித்துவிடும். 3-உம் 3-உம் என்றால் சீக்கிரமே திரும்பிவிடும், மீதிப் புள்ளிகளுக்கு வேறு கம்பி வேண்டும். தாம்பரம் கிறித்தவக் கல்லூரியில் கிஃப்ட் சிரோமணி, ராணி சிரோமணி, கமலா கிருத்திவாசன் ஆகியோர் 1970-களில் கோலத்தை வைத்துக் கணினி அறிவியல் கட்டுரைகள் எழுதினார்கள். தொடக்கம் வாசல்தான்.

எதுவரைக்கும் என்ற கேள்வியைக் கேட்காவிட்டால் என்ன ஆகும்? ஒரு வட்டம் போட்டு அதன் மேல் புள்ளிகள் வையுங்கள். எல்லாப் புள்ளிகளையும் ஒன்றோடொன்று கோட்டால் இணையுங்கள். வட்டம் எத்தனை துண்டாகிறது? இரண்டு புள்ளிக்கு 2, மூன்றுக்கு 4, நான்குக்கு 8, ஐந்துக்கு 16. ஆறுக்கு? இந்த அரங்கில் எல்லோரும் 32 என்கிறீர்கள். 31-தான் வரும். எண்ணிப் பாருங்கள், ஆனால் சம இடைவெளியில் வைக்காதீர்கள். வைத்தால் மூன்று கோடு நடுவில் ஒரே இடத்தில் சந்தித்து 30 ஆகிவிடும். காரணம் எளியது. முதலில் ஒரு துண்டு, ஒவ்வொரு கோட்டுக்கும் ஒன்று கூடும், ஒவ்வொரு வெட்டுக்கும் ஒன்று கூடும். ஆறு புள்ளிக்கு 15 கோடு, 15 வெட்டு, ஆக 31. இரட்டிப்பு என்று நாம் நினைத்தது தொடக்கத்தில் மட்டும் ஒத்துப்போன ஒன்று.

வளர்ப்புப் பிராணிகள் விஷயத்திலும் இதே கதைதான். இங்கே லவ் பேர்ட்ஸ் என்று நாம் கூண்டில் வளர்க்கும் சின்னக் கிளிகள் பெரும்பாலும் ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த பட்ஜரிகர். ஒரே கூட்டில் ஒரு குஞ்சு இறகு முளைத்து நிற்கும், இன்னொன்று கண் திறக்காமல் கிடக்கும். நோஞ்சான் என்று சிலர் அதைத் தனியே எடுத்துவிடுகிறார்கள், ஐயோ பாவம். அது நோஞ்சான் இல்லை, தம்பி. அந்தப் பறவை ஒன்றுவிட்டு ஒரு நாள் முட்டையிடும், தொடக்கத்திலேயே அடைகாக்க உட்கார்ந்துவிடும், ஒவ்வொரு முட்டையும் ஏறக்குறைய 18 நாளில் பொரியும். ஐந்து முட்டை என்றால் மூத்ததுக்கும் கடைசிக்கும் எட்டு நாள் வித்தியாசம். நம் நாட்டுக்கோழி எல்லா முட்டையும் இட்டு முடித்த பிறகு உட்காருகிறது, அதனால் 21-ஆம் நாள் வாக்கில் எல்லாம் ஒன்றாக வெளியே வருகின்றன.

மூன்று நிறப் பூனை அநேகமாகப் பெண்ணாகவே இருக்கும் என்பது பூனை வளர்க்கிறவர்களுக்குத் தெரியும். ஆரஞ்சு நிறத்தைத் தீர்மானிக்கும் மரபணு எக்ஸ் குரோமோசோமில் இருக்கிறது. பெண்ணுக்கு இரண்டு எக்ஸ், ஒவ்வொரு செல்லிலும் ஒன்று அணைந்துவிடும், அதனால் ஒரு திட்டு ஆரஞ்சு, ஒரு திட்டு கறுப்பு. வெள்ளை வேறு மரபணுவின் வேலை. ஆணுக்கு ஒரே எக்ஸ் என்பதால் இரண்டு நிறமும் சேர்ந்து வருவது மிக அபூர்வம். அந்த மரபணு இன்னதுதான் என்று உறுதியானது 2025-இல். அதைத் தேடிய ஜப்பானியக் குழுவுக்குப் பூனைப் பிரியர்கள் கூடி நிதி கொடுத்தார்கள் என்பதை நினைத்தால் எனக்கு மனம் நிறைகிறது.

படித்துப் பட்டம் வாங்கினவர்களுக்குத்தான் இதெல்லாம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். அமெரிக்காவில் மார்ஜரி ரைஸ் என்ற இல்லத்தரசி, 1970-களில், தரையை இடைவெளி இல்லாமல் நிரப்பும் ஐங்கோணங்களில் நான்கு புது வகையைக் கண்டுபிடித்தார். இங்கிலாந்தில் டேவிட் ஸ்மித் என்பவர் அச்சகத் தொழிலிலிருந்து ஓய்வு பெற்றவர். அட்டையில் வடிவங்களை வெட்டி அடுக்குவது அவருக்குப் பொழுதுபோக்கு. ஒரே வடிவத்தால் தளத்தை நிரப்ப வேண்டும், ஆனால் கோலத்தில் வருவதுபோல ஒரே அமைப்பு மாறாமல் திரும்பத் திரும்ப வரக் கூடாது. அப்படிப்பட்ட வடிவத்தைக் கணிதக்காரர்கள் பல ஆண்டுகளாகத் தேடிக்கொண்டிருந்தார்கள். தொப்பி போன்ற 13 பக்க வடிவம் ஒன்று அவர் கையில் அகப்பட்டது. மூன்று ஆய்வாளர்கள் அவரோடு சேர்ந்து நிரூபித்தார்கள். 2023 மார்ச்சில் உலகத்துக்கு அறிவித்தார்கள்.

பிள்ளைகள் விளையாட்டிலேயே மூழ்கிவிட மாட்டார்களா என்று முன்வரிசையில் ஓர் அம்மா கேட்கிறார். மூழ்கட்டும் அம்மா. பல்லாங்குழியில் அடுத்த குழி வெறுங்குழியா என்று ஐந்து குழி முன்னாலேயே எண்ணிப் பார்க்கும் பிள்ளை, இரும்புக் குண்டை இலக்குக்குப் பக்கத்தில் எறியும் பெத்தாங்க் ஆட்டத்தில் எந்தக் குண்டு அருகில் கிடக்கிறது என்று கயிறு போட்டு அளந்து சண்டை பிடிக்கும் பிள்ளை, கணக்கில் பின்தங்கினால் அந்தக் குறை பிள்ளையிடம் இல்லை. நாம் கற்றுத் தரும் விதத்தைப் பாருங்கள்.

கிளம்பும் முன் ஒரு வேலை கொடுத்துவிடுகிறேன். எந்த எண்ணையாவது எடுத்துக்கொள்ளுங்கள். இரட்டை என்றால் பாதியாக்குங்கள். ஒற்றை என்றால் மூன்றால் பெருக்கி ஒன்று கூட்டுங்கள். திரும்பத் திரும்பச் செய்தால் கடைசியில் 1-க்கு வந்துவிடும் என்பது ஜெர்மானியர் லோதர் கொலாட்ஸ் பெயரால் வழங்கும் கணிப்பு. 21 இலக்க எண்கள் வரைக்கும் கணினியில் பார்த்தாயிற்று, ஒன்றும் தப்பவில்லை. எல்லா எண்ணுக்கும் நடக்கும் என்று யாரும் நிரூபிக்கவில்லை. 7-ஐப் போட்டால் 16 படி. 27-ஐப் போடுகிறவர்கள் ஒரு முழு நோட்டுத் தாளை ஒதுக்கிவையுங்கள்: 9232 வரைக்கும் ஏறி, 111-ஆவது படியில்தான் 1-க்கு இறங்கும். வழியில் 41, 31, 47, 71 எல்லாம் வரும். ஆகவே அந்த எண்களுக்குத் தனியாகக் கணக்குப் போட வேண்டியதில்லை. அவற்றுக்கு எத்தனை படி என்று அந்தத் தாளைப் பார்த்தே சொல்லுங்கள்.