மைக் முன்னால் விழுந்த கைவிலங்கு

வணக்கம். அதிகாரத்தை எதிர்த்துப் பேசிய ஒரு வீட்டுக்காரரைப் பற்றிச் சொல்கிறேன்.

அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் ரிவியரா பீச் என்ற ஊர். அங்கே படகுத் துறையில், 60 அடி நீளமும் 12 அடி அகலமும் உள்ள மிதக்கும் வீட்டில் குடியிருந்தார் ஃபேன் லோஸ்மன். வீட்டுக்கு எஞ்சினும் கிடையாது, சுக்கானும் கிடையாது. கரையோர நிலங்களைக் கையகப்படுத்தும் நகராட்சியின் திட்டத்தை மன்றக் கூட்டங்களில் அவர் எதிர்த்துப் பேசினார். போதிய அறிவிப்பு இல்லாமல் அவசரக் கூட்டம் நடத்தினார்கள் என்று 2006 ஜூனில் வழக்கும் போட்டார். அதே மாதம் மன்றம் கதவைச் சாத்திக்கொண்டு கூடியது. வழக்குப் போட்டவர்களை மிரட்ட வேண்டும் என்று ஒரு உறுப்பினர் அங்கே பேசியது எழுத்தில் பதிவாகியிருக்கிறது.

நவம்பரில் மன்றக் கூட்டம், பொதுமக்கள் பேசும் நேரம். லோஸ்மன் மைக் முன் வந்து, முன்னாள் அதிகாரி ஒருவர் கைதான ஊழல் விவகாரத்தைத் தொட்டார். சில வாக்கியங்கள்தான். நிறுத்தச் சொன்னார்கள், அவர் நிறுத்தவில்லை. கையில் விலங்கு மாட்டி வெளியே கொண்டுபோனார்கள். அப்புறம் அந்தக் குற்றச்சாட்டுகள் கைவிடப்பட்டன.

அவர் நஷ்ட ஈடு கேட்டபோது, கைதுக்கு முகாந்திரம், அதாவது சட்டப்படி போதிய காரணம், இருந்ததே என்றது நகராட்சி. என்னை உறுத்துவது இந்த வார்த்தைதான். கூட்டத்துக்கு இடையூறு என்று சொன்னால் எவரையும் பிடித்துவிடலாம். ஆனால் இவரை மட்டும் ஏன் பிடித்தார்கள் என்ற கேள்விக்கு முகாந்திரம் பதில் ஆகாது. 2018-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் 8-க்கு 1 என்று அவர் பக்கம் நின்றது. பழிவாங்குவதே நகராட்சியின் அதிகாரபூர்வக் கொள்கை என்று புகார் சொல்லும்போது, முகாந்திரத்தை மட்டும் காட்டி வழக்கைத் தள்ள முடியாது என்றது. வழி குறுகலானதுதான். 2019-ல் இன்னொரு வழக்கில், தனி அதிகாரி செய்த கைதுக்கு முகாந்திரம் இருந்தாலே பெரும்பாலும் வழக்கு நிற்காது என்றது அதே நீதிமன்றம். அதே செயலுக்காக மற்றவர்களைப் பிடிப்பதில்லை என்று காட்டினால் மட்டும் விலக்கு.

சரி, அந்த வீடு என்ன ஆயிற்று? அவரைத் துறையிலிருந்து காலி செய்ய எடுத்த முயற்சி பலிக்கவில்லை. 2009-ல் வாடகை பாக்கி என்று, கப்பல் சட்டத்தின் கீழ் வீட்டின் மீதே வழக்குப் போட்டார்கள். கணக்கு 3,039 டாலர் 88 சென்ட். வீடு ஏலத்துக்கு வந்தது. நகராட்சியே வாங்கி நொறுக்கியது. அது கப்பலே இல்லை என்று உச்ச நீதிமன்றம் 2013-ல் சொன்னபோது வீடு இல்லை. தீர்ப்பின் பின்னிணைப்பில் அதன் புகைப்படம் இருக்கிறது.