மேலிருந்து எடுத்த படம் போதாது

நண்பர்களே, வணக்கம்.

பல வருடங்களுக்கு முன்னால் ஓர் இரவு, வெள்ளைத் துணி கட்டி விளக்குப் போட்டுக் காத்திருந்தேன். ஒரு வெள்ளை அந்துப்பூச்சி வந்து உட்கார்ந்தது. இறக்கைகளைக் கூரை போல மடித்துக்கொண்டு அசையாமல் இருந்தது. மேலிருந்து ஆறு படம் எடுத்தேன். அது பறந்துவிட்டது. மறுநாள் பார்த்தால் ஆறு படத்திலும் வெள்ளை இறக்கைதான் இருந்தது. அந்தப் பூச்சியின் பெயர் எனக்கு இன்றுவரை தெரியாது. அந்த வருத்தம் இன்னும் போகவில்லை, அதனால்தான் புலி அந்துப்பூச்சிகளை இனம் பிரித்து அடையாளம் காண்பது பற்றிப் பேச வந்திருக்கிறேன்.

புலி அந்துப்பூச்சிகளில் உலகம் முழுக்க ஏறத்தாழ 11,000 இனங்கள் உண்டு. ஆர்க்டியினே என்ற துணைக்குடும்பம். நாம் புலி என்கிறோம், ஆனால் அறிவியல் பெயருக்குள் இருப்பது கரடி. கிரேக்கத்தில் ஆர்க்டோஸ் என்றால் கரடி. புசுபுசுவென்று ரோமம் மூடிய கம்பளிப்புழுக்களைப் பார்த்து வைத்த பெயர் அது.

இவற்றில் பலவற்றின் உடம்பில் நஞ்சு இருக்கிறது. ‘என்னைத் தின்னாதே’ என்று சொல்லத்தான் அந்தச் சிவப்பும் மஞ்சளும். வெள்ளைப் பூச்சிகள் பல அந்த நிறத்தை இறக்கைக்கு அடியில் வைத்திருக்கின்றன. தொந்தரவு செய்தால் இறக்கையைத் தூக்கி வயிற்றைக் காட்டும். இனத்தைப் பிரித்துச் சொல்லும் அடையாளமும் பெரும்பாலும் அங்கேதான் இருக்கிறது, மேலே தெரியும் முன்னிறக்கையில் இல்லை.

வட அமெரிக்காவின் வெள்ளைப் பூச்சிகளை எடுத்துக்கொள்வோம். மேலிருந்து பார்த்தால் எல்லாம் ஒன்றுபோலத்தான். எஸ்டிக்மீன் அக்ரியாவின் வயிறு ஆரஞ்சு மஞ்சள், மேலே கறுப்புப் புள்ளிகள். அதில் ஆணுக்குப் பின்னிறக்கை மஞ்சள், பெண்ணுக்கு வெள்ளை. ஸ்பைலோசோமா விர்ஜினிகாவின் வயிற்றில் பக்கவாட்டில் மஞ்சள் கோடு ஓடும், கறுப்புப் புள்ளிகள் வரிசையாக இருக்கும். ஸ்பைலோசோமா லாடிபென்னிஸ் என்று ஒன்று உண்டு. அதற்கு வயிறு வெறும் வெள்ளை. ஆனால் முன்னங்காலின் தொடையைப் பாருங்கள், நல்ல ரோஜா நிறம்! அந்தக் காலை முதன்முதலாகப் பார்த்த இரவு எனக்குத் தூக்கமே வரவில்லை. ஸ்பைலோசோமா காங்ருவாவுக்கும் வயிறு வெள்ளைதான், முன்னங்கால் மட்டும் மஞ்சள் கலந்த ஆரஞ்சு.

இங்கேதான் ஒரு சிக்கல். ஹைபான்ட்ரியா குனியாவுக்கும் முன்னங்காலில் அதே நிறம் உண்டு. சில நேரம் இறக்கை முழுவதும் வெள்ளையாக இருக்கும், சில நேரம் நிறையப் புள்ளிகளோடு வரும். பூச்சியை மட்டும் வைத்துக்கொண்டு தடுமாறுவோம். பக்கத்து மரத்தில் கிளை நுனியை மூடி வலை பின்னி, அதற்குள் கூட்டமாக இலை தின்னும் புழுக்கள் இருக்கின்றனவா என்று பாருங்கள். அது குனியாவின் வேலை. காங்ருவாவின் புழுக்கள் அப்படிக் கூடி வலை கட்டுவதில்லை. விளக்கடியில் வந்த பூச்சி அந்த வலையிலிருந்துதான் வந்தது என்பதற்கு இது சாட்சி ஆகாது, ஆனாலும் எந்தப் பக்கம் யோசிக்கலாம் என்று சொல்லும்.

ஐரோப்பாவிலும் இதே கதைதான். ஸ்பைலோசோமா லூப்ரிசிபெடாவுக்கு வெள்ளை இறக்கை, கறுப்புப் புள்ளி, மஞ்சள் வயிறு. டயாபோரா மெண்டிகாவின் பெண்ணும் வெள்ளை இறக்கையும் கறுப்புப் புள்ளியுமாகத்தான் இருக்கும், ஆனால் அதன் வயிற்றில் மஞ்சள் கிடையாது. அதன் ஆண் பெரும்பாலும் புகை நிறம். ஆணையும் பெண்ணையும் அருகருகே வைத்தால் ஒரே இனம் என்று சொன்னாலும் நம்ப மாட்டீர்கள்.

அதாவது, வேறு வேறு இனங்கள் ஒன்றுபோல இருப்பது ஒரு பக்கம் என்றால், ஒரே இனம் வேறு வேறு மாதிரி இருப்பது இன்னொரு பக்கம். இதற்கு எனக்கு மிகவும் பிடித்த உதாரணம் கலிமார்பா டோமினுலா. இங்கிலாந்தில் ஆக்ஸ்ஃபோர்டுக்கு அருகே காட்ஹில் என்ற இடத்தில் இதன் கூட்டம் ஒன்று இருந்தது. அதில் புள்ளிகள் குறைந்து கறுப்பு கூடிய பூச்சிகளும் சேர்ந்தே பிறந்தன. அந்த மாற்றத்துக்கு ஒரே ஒரு மரபணுதான் காரணம். அவற்றை வருடாவருடம் எண்ணி, மரபியலாளர்கள் ஃபிஷரும் ஃபோர்டும் 1947இல் எழுதிய கட்டுரை மரபியலில் பெரிய விவாதத்தைக் கிளப்பியது. அந்தக் கறுத்த பூச்சியைத் தனியாகப் பார்த்த எவருக்கும் அது வேறு இனம் என்றே தோன்றும்.

ஆசியாவின் கிரியேட்டோனோட்டஸ் ஆண்களிடமும் இப்படி ஏமாறலாம். வயிற்று நுனியிலிருந்து நான்கு மயிர்க்குழல்கள் உப்பி விரியும், வாசனை பரப்பும் உறுப்புகள் அவை. ஒரு பூச்சியிடம் பெரிதாகவும் இன்னொன்றிடம் சின்னதாகவும் இருந்தால் இரண்டு இனம் என்று எழுதிவிடாதீர்கள். புழுவாக இருந்தபோது தின்ற செடியில் ஆல்கலாய்டு என்ற குறிப்பிட்ட நச்சுப்பொருள் எவ்வளவு இருந்ததோ, அதைப் பொறுத்துத்தான் அந்த உறுப்பு வளர்கிறது.

அப்புறம், படத்தை வைத்து முடிக்கவே முடியாதவை. வட அமெரிக்காவின் அபாண்டெசிஸ் நாயிஸும் அபாண்டெசிஸ் கார்லோட்டாவும் அப்படித்தான். கார்லோட்டாவைத் தனி இனமாக விவரித்ததே 1985இல்தான். ஆணின் வயிற்று நுனியைப் பொட்டாசியம் ஹைட்ராக்சைடு என்ற காரக் கரைசலில் ஊறவைத்து, சுத்தம் செய்து, இனப்பெருக்க உறுப்பை நுண்ணோக்கியில் பார்த்துத்தான் நிபுணர்கள் உறுதியாகச் சொல்கிறார்கள். டிஎன்ஏ பார்த்தால் போதாதா என்று கேட்கலாம். இதே பூச்சிக் குழுவில், அன்று கிராமியா என்று அழைத்த பூச்சிகளைப் பற்றி 2008இல் வந்த ஆய்வில், செல்லுக்குள் இருக்கும் மைட்டோகாண்டிரியா என்ற பகுதியின் டிஎன்ஏ காட்டிய பிரிவுகளும் இனங்களின் எல்லைகளும் பொருந்தவில்லை. அதனால் ‘அபாண்டெசிஸ், பெண், இனம் தெரியவில்லை’ என்று எழுதி வைத்தால் அது முழுமையான பதிவுதான். ஊகித்து ஒரு பெயரைப் போட்டுவிட்டால், பின்னால் வருகிறவர் அதை நம்பி, எந்த இனம் எங்கே வாழ்கிறது என்று வரைபடம் போடுவார்.

சரி, இன்று இரவு துணி கட்டப் போகிறோம். வெள்ளைப் பூச்சி ஒன்று வந்தால் முதல் படத்தை மேலிருந்து எடுங்கள். அடுத்ததைப் பக்கவாட்டில், முன்னங்கால் தெரியும்படி குனிந்து எடுங்கள். பிறகு ஒரு கண்ணாடிப் பெட்டியில் மெதுவாக நடக்கவிட்டு, அடியிலிருந்து வயிற்றைப் படம் பிடியுங்கள். உணர்கொம்பு சீப்பு மாதிரியா, நூல் மாதிரியா என்றும் குறித்துக்கொள்ளுங்கள். அப்புறம் விளக்கிலிருந்து தள்ளி, இலை நிழலில் விட்டுவிடுங்கள்.