சோஃபேர் கட்டடம்: ரங்கூனில் ஒரு தெருமுனை

(காட்சி: பன்சொடான் தெருவும் மெர்ச்சண்ட் தெருவும் சேரும் முனை. காலை நேரம். நடைபாதையில் பழைய புத்தகங்களைப் பரப்பிக்கொண்டிருக்கிறார்கள்.)

வணக்கம். ரங்கூன், அதாவது இன்றைய யாங்கோன் நகரத்தின் நடுவில் நிற்கிறோம். பன்சொடான் தெருவை நம் தாத்தாமார் ஃபேயர் தெரு என்றுதான் சொல்வார்கள். பிரிட்டிஷ் பர்மாவின் முதல் தலைமை ஆணையர் ஆர்தர் ஃபேயரின் பெயர் அது. இந்த முனையில் மழைக்கறை படிந்து நிற்பதுதான் சோஃபேர் கட்டடம். 1906இல் கட்டி முடித்தார்கள்.

கட்டியவர் ஐசக் சோஃபேர். பாக்தாதிலிருந்து வந்த யூத வணிகக் குடும்பம். அந்தச் சமூகத்தின் தொழுகைக்கூடம் 26ஆம் தெருவில் இன்றும் இருக்கிறது. பாக்தாத்காரர் எதற்காக இங்கே இவ்வளவு பெரிய கட்டடம் எழுப்ப வேண்டும்? அரிசிதான் காரணம். 1869இல் சூயஸ் கால்வாய் திறந்ததும் ஐரோப்பாவுக்குக் கப்பல் வழி சுருங்கியது. ஐராவதிக் கழிமுகத்துச் சதுப்பு நிலமெல்லாம் வயலாகி, அந்த நெல்லெல்லாம் இந்தத் துறைமுகத்துக்கு வந்தது. ஆற்றங்கரையில் ஸ்ட்ராண்ட் சாலை, அதற்கு அடுத்தது மெர்ச்சண்ட் தெரு. சரக்கு இறங்கும் இடத்துக்கும் பணம் கைமாறும் இடத்துக்கும் சில நிமிட நடைதான். வணிகனுக்கு இதைவிட நல்ல முனை கிடைக்காது.

(காட்சி: கட்டடத்தின் கீழ்த்தளம், பிறகு மேல் சுவர்.)

கீழ்த்தளத்தைப் பாருங்கள். கடைக்கு அகலமான வாசல் வேண்டும், கண்ணாடிக்குள் சரக்கை அடுக்கிக் காட்ட வேண்டும். ஆனால் வாசலை அகலமாக்கினால் மேலே உள்ள செங்கல் சுவரை எது தாங்கும்? அதற்குத்தான் இரும்பு. இந்தக் கட்டடத்தின் எஃகு உத்திரங்கள் ஸ்காட்லாந்தில் உள்ள லானர்க்‌ஷயரிலிருந்து கப்பலில் வந்தவை. தரையில் பதித்த ஓடுகள் மான்செஸ்டரிலிருந்து வந்தவை.

இங்கே கொஞ்சம் நிற்கிறேன், எனக்கு மனசு நிற்கிற இடம் இதுதான். தேக்கு விளைகிற நாடு இது. இங்கிருந்து போன பர்மாத் தேக்குதான் காரைக்குடியிலும் தேவகோட்டையிலும் தூணாகவும் நிலைக்கதவாகவும் நிற்கிறது. பழைய சென்னை வீடுகளின் மெட்ராஸ் டெரஸ் எப்படி? தேக்கு உத்திரம், அதன்மேல் குறுக்குக் கட்டைகள், அதற்கும் மேலே சின்னச் சின்னச் செங்கல்லைச் சாய்வாக நிறுத்திச் சுண்ணாம்பில் கட்டிய தளம். அங்கே உத்திரம் பர்மாவிலிருந்து போனது, இங்கே உத்திரம் ஸ்காட்லாந்திலிருந்து வந்தது. தேக்கைக் கரையான் தொடாது, உண்மைதான். ஆனால் மரம் எவ்வளவு நீளம் கிடைக்கிறதோ அவ்வளவுதான் கூடத்தின் அகலம். எஃகுக்கு அந்தக் கட்டுப்பாடு குறைவு. அதனால்தான் அந்தக் காலத்து ரங்கூன் வணிகக் கட்டடங்களில் பெரிய பெரிய கூடங்களைப் பார்க்கிறோம்.

சரி, உள்ளே என்ன இருந்தது? ராய்ட்டர் தந்தி அலுவலகம் இருந்தது. வியன்னா கஃபே என்று ஒரு காப்பிக்கடை இருந்தது. ஜெர்மன் பீர், ஸ்காட்ச் விஸ்கி, எகிப்து சிகரெட், இங்கிலாந்து மிட்டாய் எல்லாம் இங்கே வாங்கலாம்.

(காட்சி: மேற்கே நடை. சூலே பகோடாவைத் தாண்டி ஷ்வேபொந்தா தெரு.)

இப்போது என்னோடு மேற்கே நடங்கள். சூலே பகோடாவைத் தாண்டினால் ஷ்வேபொந்தா தெரு. பழைய பெயர் மொகல் தெரு. இதுதான் நம் செட்டியார்களின் தெரு. சோஃபேர் கட்டடத்தைப் பற்றிப் பேசுகிற எவரும் இந்தத் தெருவுக்கு வருவதில்லை. எனக்கு அது வருத்தம். சோஃபேர் கட்டடத்துக் கடைகளுக்கெல்லாம் காசு வந்தது நெல்லில் இருந்து. நெல் விதைக்கிற குடியானவனுக்குக் கடன் போனது பெரும்பாலும் இங்கிருந்துதான்.

இங்கே கட்டடத்தின் பெயர் கிட்டங்கி. ஒரே நீளக் கூடம், அதில் பல வட்டிக் கடைகள். கடை என்றால் மேசை நாற்காலி கிடையாது. ஆளுக்கொரு பெட்டி, பெட்டிக்கு முன்னால் பாய், பக்கத்தில் பேரேடு. பெட்டியின் பின்னால் மேலாள், அவருக்கு அடுத்தாள், அப்புறம் பெட்டியடிப் பையன். சாப்பாடும் தூக்கமும் அங்கேயே. மாதம் ஒருமுறை இந்தத் தெருக் கோயிலில் கூடி நடப்பு வட்டியை முடிவு செய்வார்கள். அலங்கார முகப்பு எதுவும் வேண்டியிருக்கவில்லை. இருந்தாலும் 1930 வாக்கில் பர்மா முழுவதும் 1,650 செட்டியார் கடைகள் இருந்தன.

இதையும் சொல்லித்தான் ஆக வேண்டும். 1930இல் நெல் விலை விழுந்தது. கடன் திரும்பவில்லை, அதற்கு ஈடாக நிலம் செட்டியார் கைக்கு வந்தது. கீழ் பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்களில் செட்டியார் கையில் இருந்த நிலம் சுமார் 6 சதவீதத்திலிருந்து சில ஆண்டுகளிலேயே 25 சதவீதமானது. நிலத்தை இழந்த பர்மியக் குடும்பங்களின் கோபத்தை விட்டுவிட்டு இந்தத் தெருவின் கதையைச் சொன்னால் அது நேர்மையாக இருக்காது.

1931 கணக்கெடுப்பில் ரங்கூனில் நாலு லட்சம் பேர். அதில் பாதிக்கு மேல் இந்தியர். 1941 டிசம்பர் 23இல் ஜப்பான் குண்டு போட்டது. அடுத்த மார்ச்சில் நகரம் விழுந்தது. லட்சக்கணக்கானவர்கள் நடந்தே இந்தியா போனார்கள். மிச்சம் இருந்தவர்களின் கடைகள் 1960களில் அரசுடைமை ஆயின. 1964இல் 50, 100 கியாட் நோட்டுகள் செல்லாது என்றார்கள். அப்போது திரும்பி வந்தவர்கள் கடை போட்ட சென்னை பர்மா பஜாரின் வேர் அந்த வருடங்களில்தான் இருக்கிறது.

(காட்சி: மறுபடி சோஃபேர் கட்டடம். படிக்கட்டு.)

சோஃபேர் கட்டடம் எப்படித் தப்பியது? பல பகுதிகளாகப் பிரித்து ஆளாளுக்குப் புழங்கினார்கள், அதனால்தான் என்று நினைக்கிறேன். 1971இல் ஓவியர்கள் சேர்ந்து மாடியில் லோகநாத் கலைக்கூடத்தைத் தொடங்கினார்கள். பூட்டிக் கிடக்கிற கட்டடத்தில் ஓட்டை விழுந்தால் யாருக்கும் தெரியாது. ஆள் நடமாடுகிற இடத்தில் முதல் மழைக்கே தெரிந்துவிடும், யாராவது ஒரு வாளியையாவது கொண்டுவந்து வைப்பார்கள். தலைநகரம் நேப்பிடோவுக்குப் போன பிறகு இந்த வட்டாரத்து அரசுக் கட்டடங்கள் பல காலியாகி எப்படி ஆயின என்று பார்த்தால் வித்தியாசம் புரியும். 2012இல் வரலாற்றாசிரியர் தாந்த் மின்ட் ஊ தொடங்கிய யாங்கோன் பாரம்பரிய அறக்கட்டளை வந்த பிறகுதான் இவற்றைப் பற்றிப் பொதுவில் பேச்சு எழுந்தது.

கிட்டங்கிகளுக்கு அப்படிப் பேச ஆள் குறைவு. அதனால் உங்களிடம் ஒரு வேலை. உங்கள் வீட்டுப் பரணில், தாத்தாவின் பெட்டியில், மொகல் தெரு விலாசம் போட்ட பழைய கடிதமோ பேரேடோ இருந்தால் கதவு எண்ணை மட்டும் கீழே எழுதுங்கள். அடுத்த வீடியோவில் அந்த எண்களைத் தேடிக்கொண்டு அந்தத் தெருவுக்குப் போகிறேன்.