புது பஸ் ஸ்டாண்டு எப்போது பழசாகும்?

(ஏற்காடு கோடை விழாப் பட்டிமன்றம். தலைப்பு: "ஒரு பெயரை நிலைக்க வைப்பவர் யார்? பெயர் வைத்தவரா, கூப்பிடுகிறவரா?" 'கூப்பிடுகிறவரே' அணியின் இரண்டாவது உரை.)

நடுவர் ஐயா அவர்களுக்கும், விழாக் குழுவுக்கும், இருபது கொண்டை ஊசி வளைவு ஏறி வந்தும் தலை சுற்றாமல் உட்கார்ந்திருக்கும் பெருமக்களுக்கும் வணக்கம். வணக்கத்திலேயே நேரம் போகிறது, விஷயத்துக்கு வருகிறேன்.

எதிரணி அக்கா பேசிவிட்டுப் போனார். என்ன கைதட்டல்! கல்வெட்டு என்றார், மேட்டூர் ஸ்டான்லி நீர்த்தேக்கம் என்றார், இணைய முகவரி என்றார். எல்லாம் சொல்லிவிட்டுக் கடைசியில் என்னைப் பார்த்து ஒரு போடு போட்டார். "அடுத்துப் பேச வரும் தம்பிக்கு வீட்டில் ஒரு பேர், பள்ளிக்கூடத்தில் ஒரு பேர், ரேஷன் கார்டில் ஒரு பேர். தன் பேரே நிலையில்லாதவர், பேர் நிலைப்பதைப் பற்றிப் பேச வந்துவிட்டார்!" நீங்களும் சிரித்தீர்கள். தண்ணீர் குடித்துக்கொண்டிருந்த நடுவர் ஐயாவுக்குப் புரையேறிவிட்டது. இதோ, நான் எழுதிக்கொண்டு வந்த குறிப்பு. மடித்துப் பையில் வைத்துவிட்டேன். முதலில் இந்த ரேஷன் கார்டு பஞ்சாயத்தை முடித்துவிடலாம்.

என் பேர் செந்தில்குமார். கார்டு வந்தபோது, கடைசி எழுத்தின் தலையில் புள்ளி இருக்க வேண்டிய இடத்தில் ஒரு கொக்கியை மாட்டி அனுப்பியிருந்தார்கள். செந்தில்குமாரி. பக்கத்திலேயே என் படம், இந்த மீசையோடு. திருத்தக் கொண்டுபோனேன். அங்கே இருந்தவர் கார்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், "பேர் தப்பா, போட்டோ தப்பா?" என்று கேட்டார்.

அக்கா, பேர் வைத்தவர்தான் முக்கியம் என்பது உங்கள் கட்சி. இது அரசாங்கமே அச்சடித்து வைத்த பேர். உங்கள் கட்சிப்படி பார்த்தால் நான் டவுன் பஸ்ஸில் இனி டிக்கெட்டே எடுக்க வேண்டாம். நாளைக் காலையில் லேடீஸ் சீட்டுக்குப் போய்க் காலை நீட்டி உட்காரலாம், என்னை எழுப்ப ஒருவருக்கும் உரிமை கிடையாது. ஆனால் நடப்பது என்ன? எடை போடும் அண்ணன் அதே கார்டைக் கையில் வைத்துக்கொண்டு, "செந்திலு, சர்க்கரை வந்திருக்கு, பை கொண்டாந்தியா?" என்கிறார். ஒரு நாளாவது 'குமாரி' என்று கூப்பிட்டிருப்பாரா? கூப்பிட்டிருந்தால் சர்க்கரையே வேண்டாம் என்று ஓடி வந்திருப்பேன். அரசாங்கம் வைத்த பேர் கார்டிலேயே படுத்துக் கிடக்கிறது. அண்ணன் கூப்பிட்ட பேர்தான் தெருவில் நடக்கிறது.

மூன்று பேர் என்று கேலி செய்தாரே, இந்தக் கூட்டத்தில் ஒரே பேர் உள்ளவர் கை தூக்குங்கள் பார்ப்போம். ஒருவர் தூக்கியிருக்கிறார். ஐயா, உங்கள் வீட்டம்மா பக்கத்தில்தான் இருக்கிறார், அவரைக் கேட்டால் மீதிப் பேரெல்லாம் வந்துவிடும்.

நம்ம ஊர்ப் பையன் அமெரிக்கா போகிறான். படிவத்தில் கடைசிப் பெயர் என்ன என்று கேட்கிறார்கள். நமக்கு ஏது கடைசிப் பெயர்? இனிஷியலை நீட்டி அப்பா பேரை எழுதிவிடுகிறான். இங்கே அவன் அப்பா முன்னால் ஊரே துண்டை இறக்கி நிற்கும். அங்கே ஆபீஸில் ஒரு சின்னப் பொண்ணு அவன் தோளில் தட்டி, "ஹாய் கந்தசாமி" என்கிறது. வீடியோ காலில் அப்பா கேட்டுக்கொண்டிருக்கிறார். "யாருடா அது என்னைக் கூப்பிடறது?"

சரி, நாய்க்கு வருவோம். நேற்று இதே விழாவில் நாய்க் கண்காட்சி நடந்தது. ராஜபாளையம், சிப்பிப்பாறை எல்லாம் வந்திருந்தன. பார்த்ததும் எனக்கு அம்மாப்பேட்டை ஞாபகம் வந்தது. எங்கள் தெருவில் ஒரு தறிக்கார வீடு. தாத்தா, பாட்டி, மகன், மருமகள், ஒரு பேரன். பேரன் எங்கிருந்தோ ஒரு நாய்க்குட்டியைத் தூக்கி வந்து 'மணி' என்று பேர் வைத்துவிட்டான். தமிழ்நாட்டில் பாதி நாய்க்கு அந்தப் பேர்தான், தப்பில்லை. ஆனால் தாத்தா பேரிலும் ஒரு மணி உண்டு. முழுப்பேரைச் சொல்ல மாட்டேன், சொந்தக்காரர்கள் முன்வரிசையில் இருக்கிறார்கள்.

பாட்டி அந்தக் காலத்து மனுஷி. கல்யாணமான நாளிலிருந்து புருஷன் பேரை வாயால் சொன்னதில்லை. எந்த அளவுக்கு என்றால், நேரம் கேட்கக்கூட அந்த வார்த்தை வராது. "கடியாரம் எங்க நிக்குதுன்னு பாரு சாமி" என்பார். இப்போது வீட்டுக்குள் அதே பேரில் ஒரு நாய். பசிக்கிறது, சோறு வைக்க வேண்டும். எப்படிக் கூப்பிடுவது? புருஷன் பேரைச் சொல்ல முடியாதபோது புருஷனை எப்படிக் கூப்பிடுவாரோ, அப்படித்தான்.

"ஏனுங்க! வாங்க, சோறு வச்சிருக்கேன்!"

நாய் வந்தது. தறியை நிறுத்திவிட்டுத் தாத்தாவும் வந்தார். இருப்பது ஒரே தட்டு. தாத்தா தட்டைப் பார்க்கிறார், நாயைப் பார்க்கிறார். நாய் தட்டைப் பார்க்கிறது, தாத்தாவைப் பார்க்கிறது. பாட்டி சொல்கிறார்: "உங்களை இல்லீங்க, அவங்களை."

பின்வரிசையில் கேட்கவில்லையாம். இன்னொரு தடவை சொல்கிறேன், இதில் எனக்குச் சிரமமே இல்லை. புருஷனைப் பார்த்து: "உங்களை இல்லீங்க." நாயைக் காட்டி: "அவங்களை!" நடுவர் ஐயா, அந்த மரியாதையைக் கவனிக்க வேண்டும். தாத்தா அன்றைக்குத் தறிக்குப் போகவே இல்லை. "இத்தனை வருஷம் குடும்பம் நடத்தினதுக்கு நானும் நாயும் ஒரே பதவிக்கு வந்துட்டோம்" என்று திண்ணையிலேயே உட்கார்ந்துவிட்டார்.

அப்புறம் ஊசி போட டாக்டர் வந்தார். அட்டையில் எழுத வேண்டும் அல்லவா, "நாய் பேர் என்னம்மா?" என்றார். வீட்டில் வேறு யாரும் இல்லை. பாட்டி தலையைக் குனிந்துகொண்டு, "அவங்க பேரை நான் சொல்ல மாட்டேனுங்க" என்றார். டாக்டர் பாட்டியைப் பார்த்தார், நாயைப் பார்த்தார், அட்டையை மூடிப் பையில் வைத்துக்கொண்டார்.

இதோடு முடியவில்லை. நாளாக நாளாக நாய்க்கு 'மணி' மறந்தே போயிற்று. பேரன் தொண்டை கிழியக் கத்தினாலும் காது அசையாது. 'ஏனுங்க' என்றால் பாய்ந்து வரும். விளைவு? தெருவில் எந்த வீட்டுப் பொம்பளை புருஷனைக் கூப்பிட்டாலும் முதல் ஆளாக இதுதான் போய் நிற்கும். புருஷன் அப்புறம்தான் வருவான். பாதி வீட்டில் வரவே மாட்டான். பேரன் வைத்தது மணி, பாட்டி கூப்பிட்டது ஏனுங்க. நாயே எங்கள் பக்கம் தீர்ப்புச் சொல்லிவிட்டது. இதற்கு மேல் தலைப்பைப் பற்றிப் பேச என்ன இருக்கிறது? இருந்தாலும் அக்கா வருத்தப்படுவார் என்பதால் அவர் சொன்ன கல்வெட்டுக்கும் ஒரு எட்டுப் போய் வருகிறேன்.

சேலத்தில் எங்கே பஸ் மாறி மேலே வந்தீர்கள்? பாரத ரத்னா டாக்டர் எம்.ஜி.ஆர். மத்திய பேருந்து நிலையம். எவ்வளவு பெரிய மனிதர் பேர்! அவர் மேல் பாசமில்லாத ஊரா இது? ஆனாலும் கண்டக்டர் என்ன கூவுகிறார்? "புது பஸ் ஸ்டாண்டு, புது பஸ் ஸ்டாண்டு!" பொண்ணு பார்க்க அங்கே வந்து இறங்கியவர் இன்றைக்குப் பேத்திக்குக் காது குத்தப் போகிறார், அது இன்னும் புதுசு. இதில் பழைய பஸ் ஸ்டாண்டை இடித்து ஈரடுக்காகக் கட்டி 2023ல் திறந்தும் விட்டார்கள். இப்போது பழசு பளபளவென்று புதுசாக இருக்கிறது, புதுசு பழசாக இருக்கிறது. யாராவது பேரை மாற்றிக் கூப்பிட்டோமா?

மேட்டூர் அணையை 1934ல் கட்டி முடித்தபோது சென்னை மாகாண ஆளுநராக இருந்தவர் ஸ்டான்லி. நீர்த்தேக்கத்துக்கு அவர் பேர். இன்றைக்கும் ஏட்டில் அதுதான், மறுக்கவில்லை. ஆனால் 120 அடி தொட்டதும் தஞ்சாவூர் விவசாயி "ஸ்டான்லி ரொம்பிட்டாரு" என்றா சொல்கிறார்? சேலத்தில் ஓடிய அரசு பஸ் எல்லாம் முன்பு அண்ணா போக்குவரத்துக் கழகம். 1997ல் தலைவர்கள் பேரையெல்லாம் எடுத்துவிட்டு, மாநிலம் முழுக்கத் தமிழ்நாடு அரசு போக்குவரத்துக் கழகம் என்றார்கள். நமக்கு அன்றைக்கும் கவர்மெண்டு பஸ், இன்றைக்கும் கவர்மெண்டு பஸ்.

நாம் உட்கார்ந்திருக்கும் இந்தச் சேர்வராயன் மலைப் பாறைக்கே ஒரு வெள்ளைக்காரர் பேர் உண்டு, தெரியுமா? சார்னோக்கைட். கல்கத்தாவை நிறுவியவர் என்று சொல்லப்படும் ஜாப் சார்னாக் அங்கே இறந்தார். அவர் கல்லறைக்குப் போட்டது சென்னைப் பக்கத்துக் கல். அந்தக் கல்லைப் பார்த்து ஹாலண்ட் என்ற நிலவியலாளர் 1893ல் அந்த வகைப் பாறைக்கே அவர் பேரை வைத்துவிட்டார். நிலவியல் படிக்கிற பிள்ளைகள் அப்படித்தான் எழுத வேண்டும், எழுதட்டும். நமக்கு அது கருங்கல். சார்னாக் ஐயாவே எழுந்து வந்தாலும் கருங்கல்தான்.

இணைய முகவரி என்று அக்கா ஒரு கதை சொன்னார். அமெரிக்காவில் உஸி நிஸ்ஸான் என்று ஒருவர், கம்ப்யூட்டர் வியாபாரி. 1994ல் தன் குடும்பப் பேரிலேயே நிஸ்ஸான் டாட் காம் பதிந்துகொண்டார். 1999ல் அதே பேருள்ள கார் கம்பெனி 1 கோடி டாலர் கேட்டு வழக்குப் போட்டது. வருஷக்கணக்கில் இழுத்தார்கள், 2020ல் அவர் இறக்கும் வரை முகவரி அவர் கையை விட்டுப் போகவில்லை. "பதிந்தவரே ராஜா, பார்த்தீர்களா?" என்றார் அக்கா. பார்த்தேன் அக்கா. ஆனால் அந்த முகவரியைத் தட்டிய ஜனங்களில் பெரும்பாலோர் யாரைத் தேடி வந்தார்கள்? காரைத் தேடி வந்தார்கள். அதனால்தானே கம்பெனி கோர்ட்டுக்கே ஓடியது? எங்கள் கட்சிக்குச் சாட்சி சொன்னதற்கு நன்றி. இப்போது 'புள்ளி இந்தியா' என்று தமிழ் எழுத்திலேயே முகவரி வாங்கலாம். இங்கே எத்தனை பேர் அதைத் தட்டியிருக்கிறீர்கள்? ஒரு கை தெரிகிறது. இல்லை, அவர் குல்லாவைச் சரிசெய்கிறார்.

மணியடித்துவிட்டார் நடுவர் ஐயா. அந்த மணியின் பேரைப் பாட்டி சொல்ல மாட்டார், எனக்கோ அது கேட்கவே இல்லை. ஒரே ஒரு விஷயம், முடித்துவிடுகிறேன்.

எங்கம்மா கல்யாணமாகி வந்ததும் ஊருக்குப் 'புதுப்பொண்ணு'. கொஞ்ச நாளில் 'பெரியவன் பொண்டாட்டி'. நான் பிறந்ததும் 'செந்தில் அம்மா'. அப்பாவுக்கு 'இந்தா புள்ள'. போன வருஷம் கண் காட்ட ஒரு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனேன். சீட்டுக் கொடுத்துவிட்டு பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறோம். நர்ஸ் வந்து "பாவாயி... பாவாயி யாருங்க?" என்று கூப்பிடுகிறார். யாரும் எழவில்லை. அம்மா பக்கத்தில் இருந்தவரிடம், "உங்களையா கூப்பிடறாங்க?" என்று கேட்கிறாள்.

"அம்மா, உன்னைத்தான்" என்றேன்.

என்னைத் திரும்பிப் பார்த்தாள். சேலைத் தலைப்பை இழுத்துவிட்டுக்கொண்டு, வாத்தியார் பேர் வாசிக்கும்போது எழுந்து நிற்கும் பிள்ளை மாதிரி நின்று, "நாந்தாங்க" என்றாள். வரும்போது பஸ்ஸில் சொன்னாள்: "எங்கப்பாரு போனதுக்கப்புறம் அந்தப் பேரை யாரும் சொல்லலடா."

அந்தப் பேரை வைத்தவர் எங்க தாத்தாதான். அக்கா, இந்த ஒன்றை உங்கள் கணக்கிலேயே எழுதிக்கொள்ளுங்கள், எனக்கு மார்க் வேண்டாம். தீர்ப்பை ஐயா எந்தப் பக்கம் வேண்டுமானாலும் சொல்லட்டும். அம்மா அதோ இருக்கிறாள், மூன்றாவது வரிசையில், பச்சைச் சேலை. இப்போதுகூட முகத்தை மறைத்துக்கொண்டு, சும்மா இருடா என்று கை காட்டுகிறாள். அக்கா, நீங்களும் மைக்குக்கு வாருங்கள். எல்லாரும் சேர்ந்து ஒரே ஒரு தடவை கூப்பிடலாம். கீழே சேலம் வரைக்கும் கேட்கணும்.

பாவாயி!

இன்னும் சத்தமா!

நன்றி, வணக்கம்.