சக்கையும் டாலரும்

நேயர்களுக்கு வணக்கம்.

மொரீசியஸ் மண்ணில் நிலக்கரி கிடையாது, பெட்ரோலியக் கிணறும் கிடையாது. அவசரத்துக்குப் பக்கத்து நாட்டிலிருந்து மின்சாரம் வாங்கக் கடலடிக் கம்பியும் இல்லை. அந்நாட்டு ரூபாய்த் தாளில் தமிழ் எழுத்து இருப்பது உங்களில் பலருக்குத் தெரிந்திருக்கும். ஆனால் நிலக்கரி விற்பவருக்கு அந்த ரூபாய் வேண்டாம், டாலர்தான் வேண்டும். அதனால் அங்கே மின் கட்டணத்தைப் பேசினால் அந்நியச் செலாவணியையும் சேர்த்தே பேசியாக வேண்டும்.

டாலர் செலவில்லாமல் உள்ளூரிலேயே கிடைக்கும் முக்கியமான எரிபொருள் கரும்புச் சக்கை. 100 டன் கரும்பை அரைத்தால் ஏறக்குறைய 30 டன் சக்கை விழும். அதில் பாதி எடை ஈரம்தான். எரியும் திறனைப் பார்த்தால், மூன்று டன்னுக்குச் சற்று மேல் சக்கை ஒரு டன் நிலக்கரிக்குச் சமம்.

பழைய ஆலைகளில் பாய்லர் சுமார் 20 பார் அழுத்தத்தில், அதாவது காற்றழுத்தத்தைப் போல் ஏறக்குறைய 20 மடங்கில், ஓடியது. சாறு காய்ச்ச அது போதும். மிச்சச் சக்கை மலைபோல் குவிந்து இடைஞ்சல் செய்ததால், திறமையாக எரிக்க வேண்டும் என்ற கவலை யாருக்கும் இருந்ததில்லை. எரிந்து தீர்ந்தால் சரி என்று விட்டுவிட்டார்கள். 2000-இல் வடக்கே பெல் வூவில் வந்த நிலையம் இதை மாற்றியது. தலா 35 மெகாவாட்டில் இரண்டு டர்பைன்கள், நீராவி 82 பார் அழுத்தம், 525 டிகிரி வெப்பம். ஆலையின் தேவை போக, ஒரு டன் கரும்புக்கு 100 யூனிட்டுக்கு மேல் மின்வாரியத்துக்கு விற்க முடிந்தது.

பாய்லரை மட்டும் மாற்றினால் இந்தக் கணக்கு வராது. டர்பைனுக்குள் போகும் நீராவியில் ஒரு பகுதியை நடுவழியில், குறைந்த அழுத்தத்தில் உருவி, சாறு காய்ச்ச அனுப்புகிறார்கள். மீதி கடைசி வரை போய்க் குளிர்ந்து தண்ணீராகிறது. காய்ச்சும் இடத்தில் மிச்சம் பிடிக்கும் ஒவ்வொரு கிலோ நீராவியும் கூடுதல் மின்சாரம். அதனால்தான் அரவை உருளைகளை நீராவியில் ஓட்டுவதை விட்டு மின்மோட்டாருக்கு மாறினார்கள், ஆவியாக்கும் கலன்களில் ஒன்றின் ஆவியே அடுத்ததைக் காய்ச்சும்படி வரிசையை நீட்டினார்கள்.

எல்லாம் சரியாக இருந்தும் கெடுப்பது ஈரம். 50 சதவீதம் இருக்க வேண்டிய ஈரம் 53 ஆனால் உலை குளிர்கிறது, புகை கறுக்கிறது, நீராவி அழுத்தம் இறங்குகிறது. கடைசி உருளையின் பற்கள் தேய்ந்திருக்கலாம். அல்லது எஞ்சிய சர்க்கரையைப் பிழிந்தெடுக்கத் தெளிக்கும் வெந்நீர் கூடியிருக்கலாம். சர்க்கரைப் பிரிவுக்காரர் தண்ணீரைக் கூட்டச் சொல்வார், பாய்லர்காரர் குறைக்கச் சொல்வார். இந்த இழுபறி இல்லாத ஆலையே கிடையாது. மழைநாளில் வெட்டிய கரும்போடு சேறும் மணலும் வந்தால் இன்னொரு தொல்லை: மணல் பாய்லர் குழாய்களை அரித்து மெலிய வைக்கும். சக்கையைக் குவித்து வைத்தாலும் பத்திரமில்லை. உள்ளே புளித்துச் சூடேறித் தானே தீப்பிடிக்கும். பூஞ்சை பிடித்த சக்கைத் தூசி நுரையீரலைக் கெடுக்கும்.

அரவைப் பருவம் ஜூன் முதல் டிசம்பர் வரைதான். மற்ற மாதங்களில் அதே பாய்லரில் நிலக்கரி எரிகிறது. முதலீட்டுக்கு வாங்கிய கடனை அடைக்க ஆண்டு முழுவதும் ஓட வேண்டுமே! அதனால் வாசலில் சக்கை மின் நிலையம் என்று பெயர் எழுதியிருந்தாலும், ஆண்டுக் கணக்கில் நிலக்கரி மின்சாரம் சக்கை மின்சாரத்தைவிட அதிகம். இதைச் சொல்லாமல் மொரீசியஸைப் பசுமைக்கு முன்மாதிரி என்று புகழ்வது அரைக்கணக்கு.

இனி விவசாயிக்கு வருவோம். சர்க்கரையில் 78 சதவீதம் அவருக்கு, 22 சதவீதம் ஆலைக்கு. சக்கைக்கு அவருக்குக் கிடைத்தது நெடுங்காலம் அற்பம். 2021-22 பட்ஜெட்டில்தான் சக்கைக்கான தொகையை ஒரு டன் சர்க்கரைக்கு 3,300 மொரீசியஸ் ரூபாய் என்று உயர்த்தினார்கள். என் கருத்தில் இது தாமதம். மொரீசியஸ் சர்க்கரையைச் சலுகை விலையில் வாங்கிவந்த ஐரோப்பிய ஒன்றியம் சர்க்கரையின் ஆதார விலையை 36 சதவீதம் குறைக்க முடிவெடுத்தது 2005-இல். சலுகை விலை ஒப்பந்தம் 2009-இல் முடிந்தது. அதன்பின் சிறு விவசாயிகள் பலர் நிலத்தைத் தரிசாகப் போட்டார்கள். ஒரு காலத்தில் 50 லட்சம் டன்னைத் தாண்டிய கரும்பு, இப்போது 30 லட்சத்துக்கும் கீழே. ஆலைகள் மூன்றே மிஞ்சின. தரிசாகும் ஒவ்வொரு ஏக்கருக்கும் பதிலாக நிலக்கரியோ எண்ணெயோ கூடுதலாக இறங்குகிறது.

2030-க்குள் நிலக்கரியைக் கைவிடுவோம் என்று அரசு 2021-இல் அறிவித்தது. சூரிய ஒளி மின்சாரம் உதவும், ஆனால் பொழுது சாய்ந்ததும் அது நின்றுவிடும், விளக்கும் அடுப்பும் அப்போதுதான் ஏறும். தனித்த தீவு என்பதால் ஒரு பெரிய இயந்திரம் திடீரென நின்றாலும் மின்வலையின் 50 ஹெர்ட்ஸ், அதாவது மின்சாரம் நொடிக்கு 50 முறை துடிக்கும் சீர், ஆட்டம் காணும். அதைச் சில நிமிடம் தாங்கிப் பிடிக்கத்தான் மின்வாரியம் 18 மெகாவாட் பேட்டரி வைத்தது. இரவு முழுவதும் ஓட்ட அதனால் ஆகாது.

வயலில் கிடக்கும் சோகையையும், அதாவது காய்ந்த கரும்பு இலைகளையும், கட்டாகக் கட்டி எரிக்கலாம். ஆனால் அதில் பொட்டாசியமும் குளோரினும் அதிகம். சாம்பல் உருகிக் குழாய்களில் பாறைபோல் ஒட்டும், உலோகத்தையும் அரிக்கும். அதனால் சக்கையோடு அளவாகக் கலந்துதான் போட முடியும். சோகை முழுவதையும் வாரிவிட்டால் மண் காய்ந்துவிடும் என்பதால், ஒரு பங்கை வயலிலேயே விடவும் வேண்டும்.