இரண்டு மேலே, நான்கு கீழே, இரண்டு மேலே

நண்பர்களே, அருங்காட்சியகத்தில் ஆல்டேர் 8800 என்ற பழைய கணினி முன்னால் யாரும் அதிக நேரம் நிற்பதில்லை. திரை எங்கே, விசைப்பலகை எங்கே என்று தேடுவார்கள். இல்லையென்று தெரிந்ததும் நகர்ந்துவிடுவார்கள். ஒரு நீலப் பெட்டி, வரிசையாகச் சுவிட்சுகள், சின்னச் சின்னச் சிவப்பு விளக்குகள். வேறென்ன இருக்கிறது பார்க்க?

அமெரிக்காவில் நியூ மெக்சிகோ மாநிலத்தின் அல்புகர்க்கி நகரில், எட் ராபர்ட்ஸின் மிட்ஸ் நிறுவனம் செய்த கணினி இது. 1975 ஜனவரி 'பாப்புலர் எலக்ட்ரானிக்ஸ்' இதழின் அட்டையில் வந்தது. உதிரிபாகங்களாக வாங்கி நீங்களே சால்டர் செய்து பூட்டிக்கொண்டால் 397 டாலர். உள்ளே இன்டெல் 8080 சில்லு, 256 பைட் நினைவகம். இதழுக்கு அனுப்பிய முதல் மாதிரி வழியிலேயே தொலைந்துபோனது. அட்டையில் படமாக வந்தது வெறும் கூடு. அந்தக் கூட்டைப் பார்த்துத்தான் ஊரெல்லாம் பணம் அனுப்பியது!

இப்போது அந்தச் சுவிட்சுகளைக் கொஞ்சம் கவனியுங்கள். இரண்டு எண்களைக் கூட்ட வேண்டும். அதற்கான நிரல் 14 பைட். ஒவ்வொரு பைட்டுக்கும் எட்டுச் சுவிட்சுகளை மேலும் கீழுமாக வைத்து, 'டெபாசிட்' சுவிட்சைத் தட்ட வேண்டும். மேலே என்றால் ஒன்று, கீழே என்றால் பூஜ்யம். 'தொடக்கத்துக்குத் தாவு' என்ற கட்டளையின் முதல் பைட் என்ன தெரியுமா? இரண்டு மேலே, நான்கு கீழே, இரண்டு மேலே. பதினான்கும் ஏறியபின் கூட்ட வேண்டிய எண்களையும் அப்படியே ஏற்றி, 'ரன்', பிறகு 'ஸ்டாப்'. விடை இருக்கும் முகவரியைச் சுவிட்சில் வைத்து 'எக்ஸாமின்' தட்டினால் விளக்குகள் விடையைக் காட்டும், அதுவும் இரும எண்ணில். மின்சாரம் போனால் எல்லாம் அழிந்துவிடும். மறுபடி முதலிலிருந்து தட்டுங்கள்.

பிறகு மைக்ரோசாஃப்டைத் தொடங்கிய பில் கேட்ஸும் பால் ஆலனும் இதற்கு பேசிக் என்ற நிரல் மொழியை எழுதினார்கள். கையில் ஆல்டேர் கிடையாது. ஹார்வர்டில் இருந்த பிடிபி-10 கணினியை ஆல்டேர் போல நடிக்க வைத்து எழுதினார்கள். பேசிக்கைத் துளைகளாகப் பதித்த காகித நாடாவை எடுத்துக்கொண்டு அல்புகர்க்கிக்குப் பறந்தவர் ஆலன். நாடாவைப் படிக்கச் சொல்லும் குட்டி நிரலை மறந்துபோய், விமானத்தில் உட்கார்ந்து எழுதினார். போய் இறங்கி, அதைச் சுவிட்சு சுவிட்சாகத் தட்டி ஏற்றினார். பிறகு டெலிடைப்பில், அதாவது கணினியோடு இணைத்த தட்டச்சுப்பொறியில், இரண்டும் இரண்டும் எவ்வளவு என்று ஒரே வரியில் கேட்டார். நான்கு என்று அச்சாகி வந்தது.

அதே ஆலன் பின்னாளில் சியாட்டிலில் ஓர் அருங்காட்சியகம் அமைத்தார். 2012-இல் திறந்த அங்கே பழைய கணினிகளை ஓடவிட்டு, வந்தவர்களைத் தொடவும் விட்டார்கள். 2018-இல் ஆலன் காலமானார். 2020-இல் அது மூடப்பட்டது, 2024-இல் சேகரிப்பில் ஒரு பகுதி ஏலத்துக்குப் போய்விட்டது. எனக்கு இதில் வருத்தம் உண்டு.

மின்சாரத்தைச் சேமித்துவைக்கும் பழைய மின்தேக்கிகள் நாளடைவில் கெட்டுவிடும், ஓடவிட வேண்டுமென்றால் மாற்ற வேண்டும், மாற்றினால் அசல் போய்விடும் என்று அருங்காட்சியகக் காப்பாளர்கள் சொல்வது நியாயம்தான். அசல் கண்ணாடிக்குள்ளேயே இருக்கட்டும். ஆனால் பக்கத்தில் அதே மாதிரி சுவிட்சுப் பலகை ஒன்றைச் செய்து வையுங்கள், கூடவே அந்த 14 பைட்டையும் எழுதி ஒட்டுங்கள். வருகிற பிள்ளைகள் தட்டிப் பார்க்கட்டும்.