ஸ்கேன் ரிப்போர்ட்டில் ‘குடல் சுவர் தடிப்பு’

காரைக்குடி, தேவகோட்டை, கானாடுகாத்தான், பள்ளத்தூர் வட்டாரத்து நேயர்களுக்கு வணக்கம். குடல் நோய்களுக்கு மருத்துவம் பார்ப்பவன் நான். அடிக்கடி என்னிடம் வரும் ஒரு கேள்வியைப் பற்றி இன்று பேசுகிறேன்.

வயிற்று வலிக்கென்று ஸ்கேன் எடுக்கிறார்கள். ரிப்போர்ட்டின் கடைசி வரியில் ‘குடல் சுவர் தடித்திருக்கிறது’ என்று இருக்கிறது. மருத்துவரிடம் போவதற்குள் அந்தத் தாள் சிங்கப்பூருக்கும் கோலாலம்பூருக்கும் போட்டோவாகப் போய்விடுகிறது. பிள்ளைகள் செல்போனில் தேடிப் பார்த்துவிட்டு, புற்றுநோயோ என்று கலங்குகிறார்கள். ஆச்சிக்கு அன்று முதல் சோறு இறங்குவதில்லை.

தடிப்பு என்ற பெயரில் ஒரு நோய் கிடையாது. படத்தில் கண்டதை ஸ்கேன் மருத்துவர் எழுதியிருக்கிறார். ஏன் தடித்தது என்று கண்டுபிடிப்பது அடுத்த வேலை. நன்றாக விரிந்த குடலின் சுவர் 1 முதல் 2 மில்லிமீட்டர் கனம்தான் இருக்கும். 3 மில்லிமீட்டரைத் தாண்டினால் பொதுவாகத் தடிப்பு என்பார்கள். ஆனால் சுருங்கிக் கிடக்கும் பெருங்குடலின் சுவர், நோய் எதுவும் இல்லாமலேயே 5 மில்லிமீட்டர் வரை காட்டும். மடித்து வைத்த கண்டாங்கிச் சேலை கனமாகத் தெரிவதில்லையா, அதுபோலத்தான். ஸ்கேனுக்கு முன் லிட்டர் கணக்கில் நீர் குடிக்கச் சொல்வது சில நேரம் குடலை விரித்துப் பார்ப்பதற்காகவே.

உண்மையிலேயே தடித்திருந்தால் எந்த இடத்தில், எவ்வளவு நீளத்துக்கு, சீராகவா ஒருபக்கமாகவா என்று பார்ப்போம். நீண்ட தூரத்துக்குச் சீராக, லேசாகத் தடித்திருந்தால் பெரும்பாலும் கிருமித் தொற்று, அழற்சி அல்லது நீர்க்கோப்பு. கல்லீரல் சுருங்கியவர்களுக்கும் ரத்தத்தில் அல்புமின் என்ற புரதம் குறைந்தவர்களுக்கும் குடலில் நீர் கோத்துக்கொள்ளும். 5 சென்டிமீட்டருக்கும் குறைவான நீளத்தில், மேடுபள்ளமாக, ஒருபக்கம் மட்டும் தடித்திருந்தால் கொலோனோஸ்கோபியை, அதாவது ஆசனவாய் வழியாகக் கேமரா குழாய் விட்டுப் பெருங்குடலைப் பார்க்கும் பரிசோதனையை, தள்ளிப்போடக் கூடாது.

சிறுகுடல் முடிந்து பெருங்குடல் தொடங்கும் இடம், வலப்பக்க அடிவயிறு. நம் நாட்டில் அங்கே தடிப்பு என்றால் குடல் காசநோயை நினைத்தே ஆக வேண்டும். ‘இருமலே இல்லையே, நெஞ்சு எக்ஸ்ரேயும் நன்றாக இருக்கிறதே’ என்பார்கள். அப்படி இருந்தாலும் குடலில் காசநோய் வரும். இதே இடத்தில், இதே தோற்றத்தில் வரும் இன்னொன்று குரோன்ஸ் நோய் என்ற நாள்பட்ட குடல் அழற்சி. இரண்டையும் மாற்றிப் புரிந்துகொண்டால் விபரீதம். குரோன்ஸ் என்று ஊகித்து, உடலின் எதிர்ப்புச் சக்தியை அடக்கும் ஸ்டீராய்டு மருந்தைக் கொடுத்து, இருப்பது காசநோயாக இருந்துவிட்டால் அது உடலெங்கும் பரவிவிடும். ஆகவேதான் கொலோனோஸ்கோபி செய்து சதைத் துணுக்கு எடுத்துப் பரிசோதிக்கிறோம். அதிலும் கிருமி சிக்காமல் போவதுண்டு. அப்போது காசநோய் மருந்தைத் தொடங்கி, இரண்டு மூன்று மாதம் கழித்து மறுபடியும் உள்ளே பார்ப்போம். புண் ஆறியிருந்தால் விடை கிடைத்துவிடும். காசநோய் மருந்து அரசு மருத்துவமனைகளில் இலவசம். சாதாரணமாக ஆறு மாதம் சாப்பிட வேண்டும். சத்துணவுக்காக அரசு மாதம் 1,000 ரூபாய் வங்கிக் கணக்கில் போடுகிறது. கேட்டு வாங்குங்கள், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

நம் ஊரில் பழி முழுவதும் சமையல் மேல்தான் விழுகிறது. மிளகும் மிளகாயும் வயிற்றில் எரிச்சலைத் தூண்டலாம்; குடல் சுவரை அவை தடிக்க வைப்பதில்லை. ரிப்போர்ட்டைக் கண்டதும் முட்டை, மீன், பருப்பு எல்லாவற்றையும் நிறுத்திக் கஞ்சி மட்டும் கொடுக்கிறார்கள். ஏற்கெனவே இளைத்துப்போன உடம்பை இது இன்னும் கெடுக்கிறது. என்னை மிகவும் வருத்துவது இந்தப் பத்தியம்தான்.

இன்னொன்று, மலத்தில் ரத்தம் போனால் ‘சூடு, மூலம்’ என்று வீட்டிலேயே முடிவுகட்டிவிடுவது. மூலம் இருப்பவருக்கும் மேலே புற்றுக்கட்டி இருக்கலாம். ரத்தம் போவது, எடை குறைவது, ரத்தசோகை, வாரக்கணக்கில் விடாத காய்ச்சல், தூக்கத்தைக் கலைத்து எழுப்பும் வயிற்றுப்போக்கு ஆகியவற்றில் ஏதாவது ஒன்று தடிப்போடு சேர்ந்திருந்தால் காத்திருக்க வேண்டாம். வயிறு உப்பி, வாந்தி எடுத்து, காற்றுகூடப் பிரியவில்லை என்றால் அது அவசரம். இதய நோயுள்ள முதியவருக்குத் திடீரென்று தாங்க முடியாத வயிற்று வலி வந்தாலும் அப்படியே; குடலுக்குப் போகும் ரத்தம் தடைப்பட்டிருக்கக் கூடும். அன்றே மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள்.

நான்கு நாள் வயிற்றுப்போக்கின்போது எடுத்த ஸ்கேனில் லேசான தடிப்பு தெரிந்து, இப்போது நலமாக இருக்கிறீர்கள் என்றால், சில வாரம் கழித்து மறுபடி பார்ப்பதே போதுமானதாக இருக்கலாம். அதை உங்கள் மருத்துவர் முடிவு செய்யட்டும்.

மதுரைக்கோ திருச்சிக்கோ கொலோனோஸ்கோபிக்குப் போகிறவர்கள், ரிப்போர்ட் தாளோடு ஸ்கேன் படத்தையும் சி.டி. தட்டையும் கையோடு எடுத்துச் செல்லுங்கள். படத்தை நேரில் பார்த்தால் எங்களுக்குப் பாதிக் குழப்பம் தீரும். முந்தைய நாள் குடிக்கச் சொல்லும் பேதி மருந்தை முழுவதும் குடித்துவிடுங்கள். குடல் சுத்தமாகாவிட்டால் பரிசோதனை வீண். சர்க்கரைக்கான மாத்திரை, ரத்தம் உறையாமலிருக்கச் சாப்பிடும் மாத்திரை எதுவானாலும் தேதி குறிக்கும்போதே சொல்லிவிடுங்கள். வணக்கம்.